யாட்டெங்காவின் கல் வரப்புகளும் நாம் சங்கங்களும்

மானாவாரி

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் வடக்கே யாட்டெங்கா என்றொரு பகுதி. அந்தப் பகுதியின் தலைநகர் வாஹிகூயா. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடிநீர்த் திட்ட வேலையாக அங்கே பதினான்கு மாதம் தங்கியிருந்தேன். வேலை கிணறுகளில். கண் போனதெல்லாம் வயலில் கிடந்த கற்களின் மேல். செம்புரைக்கல்லை ஒரு சாண் உயரத்துக்கு வரிசையாக அடுக்கி, அந்த வரிசையை வயலுக்குக் குறுக்கே வளைத்து வளைத்து வெகுதூரம் கொண்டுபோயிருந்தார்கள். ஏன் நேராகப் போடவில்லை என்று ஒரு பெரியவரைக் கேட்டேன். "தண்ணீர் நேராகப் போகவில்லையே" என்றார்.

அன்றிலிருந்து இதைப் பற்றிப் படித்தும் கேட்டும் வருகிறேன். இங்கே விவரமானவர்கள் இருக்கிறீர்கள், அதனால் முழுதாக எழுதுகிறேன்.

அங்கே ஆண்டு மழை 400 முதல் 700 மில்லிமீட்டர். அதுவும் மூன்று நான்கு மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். 1968-இல் தொடங்கி 1973 வரை இழுத்த வறட்சியில் பயிர் போனது, மரம் போனது, மேல்மண்ணும் போனது. மேல்மண் போன இடம் வெயிலில் இறுகி ஓடாகிவிடும். அங்குள்ள மோசி மக்கள் அதை 'ஸிப்பெல்லே' என்பார்கள், வெளுத்த நிலம் என்று பொருள். அதன்மேல் மழை பெய்தால் தார்ச்சாலையில் பெய்த மாதிரிதான்.

கல் வரிசை போடும் பழக்கம் அங்கே முன்பே உண்டு. ஆனால் கண்ணளவில் போட்டார்கள். அந்த நிலத்தின் சரிவு பெரும்பாலும் நூறு அடிக்கு இரண்டு அடிகூட இருக்காது, கண்ணுக்குத் தட்டை. வரிசை எங்காவது கொஞ்சம் தாழ்ந்திருந்தால் தண்ணீரெல்லாம் அங்கே கூடி, உடைத்துக்கொண்டு போய்விடும். 1979-இல் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. நோக்கம் மரம் நடுவது. மரத்துக்காக வெட்டிய நீர்ப்பிடிப்புப் பாத்திகளில் விவசாயிகள் தானியத்தை விதைத்தார்கள். திட்டக்காரர்கள் அதைத் தப்பென்று சொல்லாமல், இவர்களுக்கு முதலில் வேண்டியது சோறு என்று புரிந்துகொண்டார்கள். மரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அந்த ஊர்க்காரர்களின் கல் வரிசையைக் கையில் எடுத்தார்கள். புதிதாகச் சேர்த்தது ஒரே ஒரு கருவி: கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் குழாய், அதில் தண்ணீர், இரண்டு முனைக்கும் அளவு போட்ட இரண்டு குச்சிகள். நம் கொத்தனார்கள் கடைக்கால் போடும்போது பிடிக்கிற அதே டியூப் லெவல். அன்றைய விலையில் ஆறு டாலர் அளவுதான். எழுதப்படிக்கத் தெரியாதவரும் ஓரிரு நாளில் பழகிவிடலாம்.

இனி நான் சொல்ல வருவது. கல் அவர்களுடையது, குழாய் வெளியிலிருந்து வந்தது. இந்த இரண்டை மட்டும் சொல்லிவிட்டு 'மரபறிவும் அறிவியலும் கைகோத்தன' என்று முடித்துவிடுவார்கள். ஆனால் ஒரு ஹெக்டேருக்கு வேண்டிய கல்லைப் பொறுக்கிச் சுமந்து வருவது ஒரு குடும்பத்தால் ஆகிற காரியம் கிடையாது. என் வயலில் போடும் வரப்பு உங்கள் வயலுக்கு வரும் தண்ணீரை மாற்றும். ஆகவே ஊர் கூடித்தான் போட முடியும். அங்கே ஊரைக் கூட்டியவை 'நாம்' என்ற சங்கங்கள். கல்லும் குழாயும் சந்தித்த இடம் அந்தச் சங்கம்தான் என்று நினைக்கிறேன். சங்கம் இல்லாத இடங்களில் மரபறிவைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அது நிலத்தில் இறங்குவதில்லை.

சங்கச் செயலாளர்

முப்பத்தோரு ஆண்டு கூட்டுறவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மானாவாரி தம்பி எழுதியதைப் படிக்க மகிழ்ச்சி. ஆனால் 'சங்கம்' என்ற சொல்லை அவ்வளவு எளிதில் நம்பிவிட வேண்டாம்.

தான்சானியாவைப் பாருங்கள். கிளிமஞ்சாரோ சரிவில் சாகா மக்கள் காபி போட்டார்கள். 1925-இலேயே விவசாயிகள் தாங்களாக ஒரு சங்கம் வைத்தார்கள். அது 1933-இல் கிளிமஞ்சாரோ கூட்டுறவு ஒன்றியம் ஆனது. அந்த மக்களின் தோட்டம் எப்படி இருக்கும் தெரியுமா? மேலே உயர்ந்த மரம், அதன் கீழே வாழை, அதற்கும் கீழே காபி, தரையில் கிழங்கும் கீரையும். மலையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்து, குலத்துக்குக் குலம் முறைவைத்துப் பங்கிட்டார்கள். சங்கமும் நன்றாகவே நடந்தது. 1976-இல் அரசாங்கம் நாட்டிலுள்ள கூட்டுறவு ஒன்றியங்களை எல்லாம் ஒரேயடியாகக் கலைத்தது. பயிருக்கு ஒரு அதிகார அமைப்பு என்று வைத்து, விளைந்ததை அதனிடம்தான் விற்க வேண்டும் என்றாக்கியது. சில ஆண்டுகளிலேயே அது சரிப்படவில்லை என்று தெரிந்து, 1982-இல் சட்டம் போட்டுக் கூட்டுறவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கலைப்பதற்கு ஒரு கையெழுத்து போதும். கலைந்த நம்பிக்கையைச் சேர்க்கக் கையெழுத்து போதாது.

அதனால் என் கேள்வி: யாட்டெங்காவின் சங்கம் யாருடையது? மேலிருந்து வந்ததா, ஊரில் முளைத்ததா?

மானாவாரி

ஐயா, நல்ல கேள்வி. ஊரில் முளைத்தது. ஆனால் முளைத்ததை ஒருவர் பதியம் போட்டு எடுத்து நட்டார்.

மோசி ஊர்களில் 'கொம்பி நாம்' என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஊர் இளைஞர்கள், ஆணும் பெண்ணும், மழைக்காலத்தில் ஒன்றுகூடி ஒவ்வொருவர் வயலாக வேலை செய்வார்கள். பொறுப்பாளர்களைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள். அதில் தலைவன் மகன், கொல்லன் மகன் என்ற வேறுபாடு பார்ப்பதில்லை, யாருக்குத் திறமையோ அவருக்குப் பொறுப்பு. கிடைத்த கூலியை எல்லாம் அறுவடை முடிந்ததும் ஊர் விருந்தில் செலவழித்துவிடுவார்கள். பிறகு கலைந்துபோவார்கள்.

பெர்னார்ட் லெதெயா ஊட்ரோகோ என்பவர் பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு கிராமக் கல்வியைக் கவனித்தவர். அரசு சொன்னபடி இளைஞர் விவசாயக் குழுக்களை அமைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. அப்புறம்தான் கண்ணெதிரே இருந்த கொம்பி நாமைக் கவனித்தார். 1967-இல் அதன்மேல் புதிய நாம் சங்கங்களைக் கட்டத் தொடங்கினார். பழைய பதவிகள் அப்படியே இருந்தன, கூடவே கணக்கு எழுத ஒரு செயலாளர், பணம் பார்க்க ஒரு பொருளாளர். விருந்துக்குப் போன பணம் கிணறு, மாவு அரைக்கும் இயந்திரம், தானியக் கிடங்கு என்று போகத் தொடங்கியது. 'கெடுக்காமல் வளர்ப்பது' என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கொள்கை. 1990-இல் அவருக்கு, 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

மோசி மக்களின் மோரே மொழியில் 'நாம்' என்றால் அதிகாரம், ஆட்சி. நம் மொழியில் அதே ஒலிக்கு என்ன பொருள் என்பதை அங்கிருந்த நண்பர்களுக்குச் சொன்னேன். இரண்டு மொழிக்கும் ஒரு தொடர்பும் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடும்.

1976-77 வாக்கில் 'சிக்ஸ் எஸ்' என்று ஒரு கூட்டமைப்பும் வந்தது. சாஹெலில், அதாவது சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள வறண்ட பகுதியில், வறண்ட மாதங்களைப் பயன்படுத்திக்கொள்வது என்பதைப் பிரெஞ்சில் சொன்னால் ஆறு சொற்கள் எஸ் எழுத்தில் தொடங்கும், அதுதான் பெயர். மழையில்லாத ஏழெட்டு மாதம் இளைஞர்கள் ஐவரி கோஸ்டுக்குக் கூலிக்குப் போய்விடுவார்கள். அந்த மாதங்களில் ஊரிலேயே வேலை இருந்தால்? கல் வரப்பு வேலை அந்த இடைவெளியில் பொருந்திக்கொண்டது. இன்னொன்று, இந்த அமைப்பு 'இந்தத் திட்டத்துக்கு இவ்வளவு' என்று மேலே உட்கார்ந்து எழுதவில்லை. எதற்குச் செலவழிப்பது என்பதைச் சங்கங்கள் முடிவு செய்யும்படி நெகிழ்வாகப் பணம் கொடுத்தது.

பனையோலை

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், கேள்வி சின்னதாக இருந்தால் மன்னிக்கவும். யாட்டெங்கா என்று தேடினால் 'ஸாய்' குழி என்று ஏதோ வருகிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

மானாவாரி

வேறு வேறு தம்பி, ஆனால் ஒரே வயலில் சேர்ந்து இருக்கும். கல் வரப்பு தண்ணீரை மெதுவாக்கும். ஸாய் அதைப் பிடித்து வைக்கும்.

வறண்ட மாதங்களில் அந்த ஓட்டு நிலத்தில் குழி வெட்டுவார்கள். விட்டம் 20 முதல் 30 சென்டிமீட்டர், ஆழம் 10 முதல் 20. குழிக்குள் ஒரு கை தொழு உரம். உரத்தின் வாசத்துக்குக் கரையான் வரும். நாம் கரையானை விரோதி என்று நினைப்போம், அங்கே அது கூலி கேட்காத ஆள். அது துளைத்த வழியில் மழைநீர் ஓட்டுக்குக் கீழே இறங்கும். முதல் மழையில் அந்தக் குழியில் சோளமோ கம்போ விதைப்பார்கள். அதிகாலையில் எழுந்து நிலத்தைத் தயார் செய்யப் போவது என்ற பொருள்கொண்ட சொல்லிலிருந்து 'ஸாய்' வந்ததாகச் சொல்கிறார்கள்.

குழி பழைய வழக்கம்தான், சின்ன அளவில். அதைப் பெரிதாக வெட்டி, மழைக்கு முன்பே உரம் போட்டுப் பரப்பியவர்களில் முதன்மையானவர் கூர்கா என்ற ஊரின் யாகூபா சவடோகோ. 1980 வாக்கில் தொடங்கினார். வெயிலில் ஓட்டு நிலத்தைக் கொத்துகிறானே என்று ஊரில் பைத்தியம் என்றார்கள், பின்னர் அவர் வளர்த்த காட்டுக்குத் தீயும் வைத்தார்கள். உரத்தில் கலந்து வந்த மர விதைகள் குழியில் முளைப்பதைக் கவனித்து அவற்றையும் விட்டுவைத்தார். அறுபதுக்கும் மேற்பட்ட மர வகைகள் உள்ள காடாயிற்று. 2018-இல் அவருக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது. 2023 டிசம்பரில் காலமானார்.

அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. 1984 முதல் ஆண்டுக்கு இரண்டு முறை தன் நிலத்தில் சந்தை கூட்டினார், அறுவடைக்குப் பிறகு ஒன்று, மழைக்கு முன்னால் ஒன்று. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து விவசாயிகள் தங்கள் விதையோடு வருவார்கள். எது எந்த மண்ணில் எப்படி வந்தது என்பதுதான் பேச்சு. 1992-இல் ஊசெனி ஸொரோமே என்ற இன்னொரு விவசாயி சாலையோரச் சரளை நிலத்தில் சிலரைச் சேர்த்து 'ஸாய் பள்ளி' தொடங்கினார். பத்தாண்டுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகள், ஆயிரம் பேர் அளவுக்கு உறுப்பினர்கள். 1989-இல் பக்கத்து நாடான நைஜரின் இல்லேலா பகுதியிலிருந்து 13 விவசாயிகள் யாட்டெங்கா வந்து பார்த்துப் போனார்கள். அடுத்த ஆண்டு மழை பொய்த்தபோது அங்கே குழி வெட்டிய நிலம் கைகொடுத்தது. பிறகு பாழ் நிலத்தை விலை கொடுத்து வாங்க ஆள் வந்தார்கள்.

மண்புழு

மண்ணியல் படித்தவன் என்ற முறையில் கொஞ்சம் குறுக்கே வருகிறேன். ஸாயைக் கொண்டாடும்போது இரண்டு விஷயங்கள் விடுபட்டுப் போகின்றன.

ஒன்று, உழைப்பு. ஒரு ஹெக்டேரில் பத்தாயிரத்துக்கும் மேல் குழி. அதற்கு ஒரு ஆளுக்கு முந்நூறு மணி நேரம் அளவுக்குப் பிடிக்கும். பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீட்டில், தனியாக இருக்கும் ஒரு பாட்டி இதைச் செய்ய முடியாது.

இரண்டு, உரம். யாட்டெங்காவில் நடந்த வயல் சோதனைகள் தெளிவாகக் காட்டியவை இவை: வெறும் குழி வெட்டினால் விளைச்சல் கொஞ்சம்தான் கூடும். மக்கிய உரம் போட்டால் பெரிய தாவல். மக்கிய உரத்தோடு சிறிது ரசாயன உரமும் சேர்ந்தால்தான் எல்லாவற்றிலும் கூடுதல். அந்த மண்ணில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. அதே மண்ணில் மேய்ந்த மாட்டின் சாணத்திலும் குறைவாகத்தான் இருக்கும். மண்ணில் இல்லாததை மண்ணுக்குள்ளேயே சுற்றவிட்டு உண்டாக்க முடியாது. இதை மரபுக்கு எதிரான பேச்சாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாடு உள்ளவரிடம் உரம் இருக்கிறது, இல்லாதவரிடம் இல்லை என்பதும் இதற்குள் அடங்கியதுதான்.

இங்கே இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் செய்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். அதன் தலைமையகம் ஹைதராபாத் பக்கம் படான்செருவில் இருக்கிறது, ஆனால் இந்த வேலை நைஜரிலும் மாலியிலும் புர்கினாவிலும் நடந்தது. வயல் முழுக்க உரம் தூவாமல், விதைக்கும் குழி ஒவ்வொன்றுக்கும் ஒரு சோடா மூடி அளவு உரம். ஆறு கிராம்தான். ஏழை விவசாயி வாங்கக்கூடிய அளவு அவ்வளவுதான் என்பதிலிருந்து அவர்கள் கணக்கைத் தொடங்கினார்கள். விளைச்சல் எவ்வளவு உச்சத்துக்குப் போகும் என்பதிலிருந்து தொடங்கவில்லை. ஆராய்ச்சி இப்படித் தலைகீழாகத் தொடங்கும்போது எனக்கு மரியாதை வருகிறது.

சங்கச் செயலாளர்

மண்புழு தம்பி, அந்தச் சோடா மூடி உரத்துக்கும் காசு வேண்டுமே. அதற்கு நைஜரில் செய்த ஏற்பாட்டை நான் படித்திருக்கிறேன், பெயர் 'வாராந்தாஜ்'. அறுவடையானதும் விலை அடிமட்டத்தில் இருக்கும். அப்போது விற்காமல், சங்கக் கிடங்கில் தானியத்தை வைத்துப் பூட்டிவிடுவார்கள். பூட்டு இரண்டு. ஒரு சாவி விவசாயிகளின் சங்கத்திடம், இன்னொன்று கடன் கொடுப்பவரிடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது. அந்தத் தானியத்தின் பேரில் கடன். சில மாதம் கழித்து விலை ஏறியபின் விற்றுக் கடனை அடைத்து, அடுத்த பருவத்துக்கு உரமும் விதையும் வாங்குவார்கள்.

நம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் தானிய ஈட்டுக் கடன் என்று இருப்பதன் அண்ணன் தம்பிதான் இது. ஆனால் இரட்டைச் சாவி எனக்குப் புதிது. எத்தனை தகராறை அது மிச்சம் பிடித்திருக்கும் என்று அனுபவத்தில் சொல்கிறேன். நான் இருந்த ஒரு சங்கத்தில் கிடங்குச் சாவி ஒரே ஆளிடம் இருந்து, மூட்டைக் கணக்கில் குறை வந்து, பாதிப்பேர் விலகிப்போனதை நேரில் பார்த்தவன் நான். அதன்பின் எத்தனை முறை கூப்பிட்டும் அவர்கள் வரவில்லை.

நைரோபிவாசி

பன்னிரண்டு ஆண்டாக கென்யாவில் இருக்கிறேன். இங்கே மச்சாகோஸ் மாவட்டக் கதையைச் சேர்க்காமல் இந்த இழை நிறைவாகாது.

1930-களில் அக்காம்பா மக்களின் இந்த மலைச்சரிவு மண்ணரிப்பில் கிழிந்து கிடந்தது. ஆங்கிலேய அரசாங்கம் மாடுகளைக் குறைக்கிறேன் என்று பிடுங்கியது. 1938-இல் மக்கள் நைரோபிக்கு நடந்தே வந்து எதிர்த்தார்கள். பிறகு கட்டாய வேலையாகப் படிக்கட்டு வரப்பு போடச் சொன்னார்கள். போட்டார்கள், பராமரிக்கவில்லை. யார் வரப்பு, யாருக்காக?

அதே மக்களிடம் 'ம்வெத்யா' என்று ஒரு கூட்டு உழைப்பு முறை உண்டு. இன்று உன் வயல், நாளை என் வயல். 1950-களில் அந்த முறையில் குழுக்கள் தாங்களே தலைவர்களைத் தேர்ந்தெடுத்து வேலை செய்யத் தொடங்கியதும் வரப்பு நின்றது. குழுக்களில் பெரும்பாலும் பெண்கள். வரப்பின் வகையையும் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். 'ஃபான்யா ஜூ' என்பார்கள், சுவாஹிலியில் மேலே போடு என்று பொருள். சம உயரத்தில் வாய்க்கால் வெட்டி, மண்ணைச் சரிவின் மேல்பக்கம் எறிய வேண்டும். சில ஆண்டு மழையில் அது தானாகவே படிக்கட்டாகிவிடும். 1930-களில் இரண்டரை லட்சத்துக்கும் குறைவாக இருந்த மக்கள்தொகை 1989-இல் கிட்டத்தட்ட 14 லட்சம் ஆயிற்று. மண்ணரிப்போ முன்பைவிடக் குறைந்தது. கூட்டம் பெருகினால் நிலம் அழியும் என்று சொன்னவர்கள் இங்கே வந்து பார்க்க வேண்டும்.

ஆனால் மானாவாரி அண்ணா, ஒன்று சொல்ல வேண்டும். 2004-இல் இதே கிழக்குப் பக்கம், பெரும்பாலும் மக்குவேனி, கிடுயி மாவட்டங்களில், வீட்டில் சேமித்த மக்காச்சோளத்தைத் தின்று 317 பேர் நோயுற்றார்கள், 125 பேர் இறந்தார்கள். காரணம் அஃப்ளாடாக்சின், பூசணம் உண்டாக்கும் நஞ்சு. ஈரத்தோடு அறுத்து, ஈரத்தோடு வீட்டுக்குள் வைத்த தானியம். அந்த நஞ்சுக்கு நிறமில்லை, வாசமில்லை. எத்தனை தலைமுறைப் பட்டறிவு இருந்தாலும் நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்த ஒரு குடும்பத்தில் இழப்பு நடந்தது, அந்த அம்மா கடைசிவரை மக்காச்சோளத்தைச் சந்தேகப்படவே இல்லை. மரபறிவை மதிப்பது என்றால் அதற்கு எட்டாதது எது என்றும் சொல்லத்தான் வேண்டும்.

மானாவாரி

நைரோபிவாசி, நீங்கள் சொன்னதை முழுதாக ஏற்கிறேன். நான் முதல் பதிவில் அதை எழுதியிருக்க வேண்டும்.

இதிலும் சங்கத்துக்கு ஒரு இடம் இருக்கிறது என்று மட்டும் சேர்க்கிறேன். ஈரம் அளக்கும் கருவியும் நஞ்சுச் சோதனையும் ஒரு வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. நூறு வீட்டுத் தானியம் ஓரிடத்தில் காய்ந்து, ஓரிடத்தில் சோதிக்கப்பட்டால் கட்டுப்படியாகும்.

இன்னொரு செய்தி உங்களுக்குப் பிடிக்கும். நைஜீரியாவில் தலைமையகம் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் இதற்குக் கண்ட தீர்வு அந்த மண்ணிலேயே இருந்தது. அதே பூசணத்தில் நஞ்சு உண்டாக்காத வகைகள் உள்ளூர் வயல்களில் இருந்தன. அவற்றைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கி வயலில் தூவினால், நஞ்சுள்ள வகைக்கு அவை இடம் கொடுப்பதில்லை.

பூச்சிக்காரன்

வெகுநாளாக வாசிக்க மட்டும் செய்கிறவன். என் துறை வந்ததால் எழுதுகிறேன்.

1970-களில் தெற்கு நைஜீரியாவில் ஒரு பலவண்ண வெட்டுக்கிளி மரவள்ளியை மொட்டையடித்துக்கொண்டிருந்தது. ஆராய்ச்சியாளர்கள் விவசாயிகளிடம் உட்கார்ந்து கேட்டபோது, அதன் வாழ்க்கை முழுவதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எதைத் தின்னும், எப்போது பெருகும், எங்கே முட்டையிடும் என்பது வரை. ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டு உழைத்துக் கண்டதில் பாதி அங்கே ஏற்கெனவே இருந்தது. அந்தப் பூச்சி கூட்டமாக ஓரிடத்தில் நிழலில் முட்டையிடும். அந்த இடங்களை அடையாளம் வைத்து, மண்ணைக் கிளறி முட்டையை வெளியே போட்டால் வெயிலில் காய்ந்துவிடும். மருந்தே வேண்டாம். எத்தனை ஆழத்தில், எந்த மாதத்தில் கிளறினால் பலன் என்பதை ஆராய்ச்சி சொன்னது.

ஒரே சிக்கல். நான் என் வயலோரம் கிளறிவிட்டு, பக்கத்து வயல்காரர் சும்மா இருந்தால் அங்கிருந்து கிளம்பி என் வயலுக்குத்தான் வரும். அந்தப் பக்கத்து விவசாயிகள் எல்லோரும் ஒரே வாரத்தில் கிளற வேண்டும். பூச்சி வேலிக்குக் கட்டுப்படாது. இதனால்தான் மானாவாரி சொல்லும் சங்கம் என்ற கருத்து எனக்குச் சரியாகப் படுகிறது.

விதைநெல்

எத்தியோப்பியாவைப் பற்றி ஒரு குறிப்பு. அங்கே மெலாகு வொரெதே என்ற மரபியலாளர் 1979 முதல் தேசிய விதை வங்கியை நடத்தினார். குளிர் அறையில் பூட்டி வைத்த விதை வளர்வதை நிறுத்திவிடுகிறது, வயலில் இருக்கும் விதைதான் காலத்தோடு மாறிக்கொண்டே வரும் என்று அவர் நம்பினார். எண்பதுகளின் பஞ்சத்தில் மக்கள் விதையையும் தின்ன வேண்டியதாயிற்று. அந்த நாளில் விவசாயிகளோடு சேர்ந்து நாட்டு ரகங்களைக் காத்தார். 1989-இல் ரைட் லைவ்லிஹுட் விருது.

எஜெரே என்ற ஊரில் துரம் கோதுமையின் நாட்டு ரகங்கள் மறைந்துகொண்டிருந்தபோது, ஊர் விதை வங்கி வைத்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். விதைக் கடன் வாங்குகிறவர் அறுவடையில் கொஞ்சம் கூடுதலாகத் திருப்ப வேண்டும். வட்டியும் விதைதான்.

பின்னால் நடந்த ஓர் ஆராய்ச்சியில் 400 கோதுமை வகைகளை இரண்டு ஊர்களில் விதைத்து, 60 விவசாயிகளை ஆணும் பெண்ணுமாக மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஆராய்ச்சியாளர்கள் தங்கள் அளவுகோலில் தனியாக அளந்தார்கள். விவசாயிகள் கண்ணால் போட்ட மதிப்பெண்ணில் உண்மையான பயன் இருந்தது. சில நாட்டு ரகங்கள் வெளியிடப்பட்ட ரகங்களை முந்தின. ஒரு கதிரைக் கையில் பிடித்துப் பார்க்கும் பெண்மணியின் மதிப்பெண் மரபணு வரைபடத்தோடு சேர்த்து வாசிக்கப்பட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்ப்பு.

அடுப்பங்கரை

எல்லாம் சரி. அந்தப் பெண்மணிக்கு நிலம் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லையே.

காம்பியாவில் சதுப்பு நில நெல் காலங்காலமாகப் பெண்களின் பயிர். விதைத் தேர்வு, தண்ணீர் ஏறி இறங்கும் கணக்கு எல்லாம் அவர்கள் கையில். 1980-களில் ஜஹாலி-பச்சார் என்று பெரிய பாசனத் திட்டம் வந்தது. நிலத்தைப் பெண்கள் பெயரிலேயே பதியப் போவதாகச் சொன்னார்கள். நடந்தது, வீட்டுப் பொது வயல் என்று சொல்லி விளைச்சல் ஆண்கள் கைக்குப் போனது, பெண்கள் அதில் வேலைக்காரர்கள் ஆனார்கள். பலர் வேலை செய்ய மறுத்தார்கள், சிலர் கூலி கேட்டார்கள். அறிவு அவர்களுடையது, அந்த அறிவு கேட்ட நிலம் அவர்களிடம் இல்லை. சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு பெயர் மட்டும் எழுதினால் இதுதான் நடக்கும். உறுப்பினர் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் எந்தக் கூட்டுறவையும் நான் பாராட்ட மாட்டேன்.

சங்கச் செயலாளர்

அடுப்பங்கரை அம்மா சொன்னது என் மனசைத் தைத்தது. நான் வேலை பார்த்த காலத்தில் எங்கள் பதிவேட்டிலும் பெண்கள் பெயர் மிகக் குறைவு. வயலில் அவர்கள்தான் இருந்தார்கள். கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

மானாவாரி

அடுப்பங்கரை அக்கா, நிலம் பற்றிய கேள்வி ஆண்களையும் விடவில்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். யாகூபா சவடோகோவின் காட்டையே வாஹிகூயா நகரம் விரிந்து வந்து தொட்டது. அதிகாரிகள் மனை பிரித்தார்கள், அவர் நட்ட மரங்களுக்கு நடுவே வீடு எழுந்தது. பாழாகக் கிடந்தவரை யாருக்கும் அது வேண்டாத நிலம். தன் கையால் பசுமையாக்கியபின் அதற்குப் பத்திரம் இல்லை. உலகம் முழுக்கத் தெரிந்த ஒருவருக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? புர்கினாவில் இரண்டு லட்சம் ஹெக்டேருக்கும் மேல் இப்படி மீட்ட நிலம் இருக்கிறது. உழைத்தவருக்கு அதில் உரிமை எழுதிக் கொடுக்கும் வேலையைச் சங்கங்கள் எடுத்துக்கொண்டால், அது கல் சுமந்ததைவிடக் கடினமான வேலையாக இருக்கும்.

பனையோலை

அண்ணா, நேற்று விடுதி மொட்டைமாடியில் நானும் நண்பனும் பத்து மீட்டர் குழாய் வாங்கி, இரண்டு குச்சியில் கட்டி அந்த டியூப் லெவலைச் செய்து பார்த்தோம். மாடியில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியும், அதனால் சரிபார்க்கலாம் என்று நினைத்தோம். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவு வருகிறது. குழாய் கெட்டதா, நாங்கள் பிடித்தது தப்பா?

மானாவாரி

குழாய்க்குள் எங்கேயோ காற்றுக்குமிழ் இருக்கிறது தம்பி. குழாயில் மேலிருந்து தண்ணீரை ஊற்றாதே. வாளியை உயரத்தில் வை, குழாயின் ஒரு முனையை வாளிக்குள் முழுக்க விடு, மறுமுனையில் வாயால் உறிஞ்சித் தண்ணீரை வரவழை. சிறிது நேரம் ஓடவிடு, குமிழ் எல்லாம் வெளியேறும். பிறகு இரண்டு குச்சியையும் ஒட்டி நிறுத்திப் பார். இரண்டிலும் தண்ணீர் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நடக்கும்போது இரண்டு முனையையும் கட்டைவிரலால் அடைத்துக்கொள், அளக்கும்போது மட்டும் திற. யாட்டெங்காவில் வெயில் ஏறும் முன் அளப்பார்கள், குழாயின் ஒரு பாதி வெயிலிலும் மறு பாதி நிழலிலும் கிடந்தால் அளவு பிசகும். நாளைக் காலையில் ஆறு மணிக்குச் செய்து பார்த்து இங்கே எழுது.